டேட்டாபேஸ் பதிப்பு மாறினாலும் ஏபிஐ நிற்காமல் ஓட: முழுமையான வழிகாட்டி

போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸுக்கு முன்னால் போஸ்ட்ஜிரெஸ்ட்டை ஓடவிட்டால், ஏபிஐக்கென்று தனியாகக் கோட் எழுத வேண்டியதில்லை. டேபிள், வியூ, ஃபங்ஷன் எல்லாவற்றையும் சிஸ்டம் கேட்டலாக்கிலிருந்து அதுவே படித்துக்கொள்ளும். அதனால் கேட்டலாக்கில் கை வைத்தால் இந்தக் கருவிக்கும் வலிக்கும். போஸ்ட்கிரெஸ் 11இல் ஃபங்ஷன் பட்டியலிலிருந்து ‘ப்ரோஇஸ்அக்’ என்ற நெடுவரிசை நீங்கி ‘ப்ரோகைண்ட்’ வந்தது. பழைய பெயரைத் தேடுகிற எந்தக் கருவிக்கும் அங்கே பிழைதான் பதில்.

படி 1: இப்போது எந்தப் பதிப்பு?

‘ஷோ சர்வர்_வெர்ஷன்_நம்’ என்று கேளுங்கள். 150004 என்று வந்தால் அது 15.4. போஸ்ட்கிரெஸ் ஆண்டுக்கொரு பெரிய பதிப்பை வெளியிடுகிறது. ஒவ்வொன்றுக்கும் ஐந்தாண்டு ஆதரவு. பதிப்பு 13க்கு 2025 நவம்பரோடு அது முடிந்துவிட்டது.

படி 2: முதலில் கருவி, பிறகு சர்வர்

இரண்டையும் ஒரே இரவில் மாற்றாதீர்கள். எது உடைத்தது என்று தெரியாமல் விடிய விடிய உட்கார்ந்திருப்பீர்கள். பழைய சர்வர், புதிய சர்வர் இரண்டோடும் பேசத் தெரிந்த போஸ்ட்ஜிரெஸ்ட் பதிப்பை முதலில் ஏற்றி, சில நாள் ஓடவிடுங்கள்.

படி 3: நகலில் சோதனை

அதிக நேரத்தை இங்கே செலவிடுங்கள். போஸ்ட்கிரெஸ் 15இலிருந்து ‘பப்ளிக்’ ஸ்கீமாவில் எல்லாரும் டேபிள் உருவாக்க முடியாது. ஆனால் இது புதிதாக உருவாக்கும் டேட்டாபேஸுக்குத்தான். பழையதை அப்கிரேட் செய்தாலோ டம்ப்பிலிருந்து மீட்டாலோ பழைய அனுமதி அப்படியே தொடரும். எனவே லைவ் சர்வரில் ஓடுகிற மைக்ரேஷன், புதிதாகக் கட்டிய டெஸ்ட் சர்வரில் ‘பர்மிஷன் டினைட் ஃபார் ஸ்கீமா பப்ளிக்’ என்று நின்றுவிடும். இதைக் கருவியின் கோளாறு என்று நினைத்துத் தேடினால் நேரம்தான் போகும். ஏபிஐக்கென்று தனி ஸ்கீமா வைத்து, எந்த ரோலுக்கு என்ன உரிமை என்பதை மைக்ரேஷனிலேயே வெளிப்படையாக எழுதிவிடுங்கள். நான் பரிந்துரைப்பது இந்த வழியைத்தான்.

படி 4: பாஸ்வேர்ட்

போஸ்ட்கிரெஸ் 14இலிருந்து புதிய பாஸ்வேர்டுகள் இயல்பாகவே ஸ்க்ராம் முறையில் சேமிக்கப்படுகின்றன. பழைய எம்டி5 பாஸ்வேர்ட் தொடர்ந்து வேலை செய்யும். ஒருநாள் யாரோ அதை மாற்றுவார்கள். பதிப்பு 10க்கு முந்தைய லிப்பிக்யூவோடு (போஸ்ட்கிரெஸின் கிளையன்ட் லைப்ரரி) கட்டிய கிளையன்ட் அந்த நிமிடமே உள்ளே வர முடியாமல் நிற்கும். பழைய ஸ்கிரிப்டுகளை இப்போதே சரிபாருங்கள்.

படி 5: மாற்றிய பிறகு

பெரிய பதிப்பை மாற்ற உதவும் பிஜி_அப்கிரேட், பதிப்பு 17 வரை, குவெரியைத் திட்டமிட உதவும் பழைய புள்ளிவிவரங்களைப் புதிய சர்வருக்குக் கொண்டுவராது. அவற்றைத் திரட்டும் ‘அனலைஸ்’ ஓட்டாமல் திறந்துவிட்டால், நேற்றுவரை பறந்த ஏபிஐ இன்று தவழும். அதன்பின் டேபிள் ஏதாவது மாற்றினால், ‘நோட்டிஃபை பிஜிஆர்எஸ்டி’ கட்டளையில் ‘ரீலோட் ஸ்கீமா’ என்று அனுப்புங்கள். போஸ்ட்ஜிரெஸ்ட் தன் ஸ்கீமா கேஷைப் புதுப்பித்துக்கொள்ளும்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை: பிஜி_அப்கிரேட்டின் ‘லிங்க்’ முறையில் அப்கிரேட் செய்து புதிய சர்வரை ஒருமுறை ஸ்டார்ட் செய்துவிட்டால், பழைய சர்வருக்குப் பாதுகாப்பாகத் திரும்ப முடியாது. ஆகவே பேக்கப்பை வேறொரு கணினியில் மீட்டுப் பார்த்த பிறகே அப்கிரேட் கட்டளையைத் தட்டுங்கள்.