நாலு டாக்டர், ஒரு கிளினிக்: கல்பாக்கம் வட்டாரத்தில் கூட்டாகத் தொடங்குபவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

முதல் படி: யாருக்காகத் திறக்கிறீர்கள்?

அணுபுரத்தில் குடியிருக்கும் அணுசக்தித் துறை ஊழியர்களுக்குச் சம்பளத்தில் பங்கு பிடித்து நடத்தப்படும் மருத்துவத் திட்டம் இருக்கிறது. பக்கத்துக் கல்பாக்கத்தில் துறையின் மருத்துவமனையும் இருக்கிறது. அவர்களை மட்டும் நம்பிப் புதுப்பட்டினத்தில் இடம் பிடித்தால் கணக்கு தப்பிப்போகும். சதுரங்கப்பட்டினத்து மீனவர், நெரும்பூர்ப் பக்கத்து விவசாயி, மாமல்லபுரத்தில் நாளெல்லாம் கல்தூசியைச் சுவாசிக்கும் சிற்பி என்று சுற்றிலும் பாருங்கள். கல்தூசி நுரையீரலைத் தழும்பேற வைக்கும். உங்கள் குழுவில் இன்னொரு பொது மருத்துவரைச் சேர்ப்பதைவிட, வாரம் இரண்டு நாள் வரும் நுரையீரல் மருத்துவர் இந்த ஊருக்கு அதிகம் பயன்படுவார் என்பது என் கருத்து.

இரண்டாம் படி: எந்தச் சட்டத்தின் கீழ் கூடுகிறீர்கள்?

1932ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டப்படி தொடங்குவது எளிது. ஆனால் ஒருவர் சிகிச்சையில் தவறு செய்தால், இழப்பீட்டுக்கு மற்ற மூவரின் வீடும் நிலமும்கூடப் பொறுப்பாகும். அந்தக் கூட்டைப் பதிவு செய்யாமல் விட்டால், ஒப்பந்த உரிமைக்காக அதன் பெயரில் வழக்குத் தொடரவும் முடியாது. 2008ஆம் ஆண்டு எல்.எல்.பி. (வரையறுக்கப்பட்ட பொறுப்புக் கூட்டாண்மை) சட்டத்தில் தவறு செய்தவரும் நிறுவனமும் பொறுப்பு. மற்றவர்களின் சொந்தச் சொத்துக்குப் பாதுகாப்பு உண்டு. வருடா வருடம் கணக்குத் தாக்கல் செய்யும் வேலை கூடும்தான். அறுவை சிகிச்சை செய்யும் குழு என்றால், அந்தச் சிரமத்தை ஏற்றுக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: பிரிவதை முதலிலேயே எழுதுங்கள்

இந்தப் படியைத்தான் பெரும்பாலோர் தள்ளிப்போடுகிறார்கள். கல்லூரியில் ஒன்றாகப் படித்தவர்களிடம் போய், நாம் பிரிந்தால் என்ன செய்வது என்று கேட்கக் கூச்சமாக இருக்கும். கேட்டுவிடுங்கள். 1932 சட்டப்படி, வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால், ஒரு கூட்டாளி இறந்ததும் கூட்டே கலைந்துவிடும். அதன் பிறகு ஸ்கேன் மெஷின் கடனை யார் கட்டுவது? வாடகை ஒப்பந்தம் யார் பெயரில் நிற்கும்? நோயாளிகளின் கோப்புகள் யாரிடம் இருக்கும்? இறந்தவர் குடும்பத்துக்கு எவ்வளவு, எத்தனை தவணையில் கொடுப்பது? ஒவ்வொன்றுக்கும் பத்திரத்தில் ஒரு வரியாவது இருக்கட்டும்.

விலகுபவர் பக்கத்துத் தெருவிலேயே கிளினிக் போடக்கூடாது என்று எழுதலாமா? 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் பொதுவாகத் தொழில் தடையைச் செல்லாததாக்குகிறது. விலகும் கூட்டாளிக்கு மட்டும், நியாயமான கால, இட எல்லைக்குள் தடை போட 1932 சட்டம் இடம் தருகிறது. திருக்கழுக்குன்றம் தாலுகா முழுவதும் பத்து வருடம் என்று எழுதினால் நீதிமன்றத்தில் நிற்பது கடினம். குறுகிய தூரம், குறுகிய காலம் என்றால் வாய்ப்பு அதிகம். எல்.எல்.பி.க்கு 1932 சட்டம் தானாகப் பொருந்தாது. ஆகவே இந்த ஒரு பிரிவுக்காகவாவது வழக்கறிஞரிடம் உட்காருங்கள். சம்பளத்துக்கு வைத்த டாக்டர் வேலையை விட்டுப் போன பிறகு அவரை இப்படித் தடுக்க முடியாது.

நான்காம் படி: அனுமதிகள்

1997ஆம் ஆண்டுத் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் சட்டப்படி பதிவு வேண்டும். இதற்கு மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தை அணுகுங்கள். கர்ப்பிணிகளுக்கு ஸ்கேன் பார்ப்பதானால், கருவின் பாலினத் தேர்வைத் தடுக்கும் 1994 சட்டத்தின் கீழ் தனிப் பதிவு தேவை. அதில் படிவத்தைச் சரியாக நிரப்பாமல் விடுவதே குற்றமாகும். எக்ஸ்ரே அறைக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி வேண்டும். இந்த ஊரில் அந்தப் பெயரை விளக்கத் தேவையில்லை. மருத்துவக் கழிவை 2016 விதிப்படி மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் என்று பிரித்து, 48 மணி நேரத்துக்குள் அனுப்பிவிட வேண்டும்.

ஐந்தாம் படி: கமிஷன் வேண்டாம்

லேபுக்கு அனுப்பினால் பங்கு, பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினால் பங்கு என்ற பேச்சு முதல் மாதமே வரும். 2002ஆம் ஆண்டு மருத்துவ ஒழுக்க விதிகள் இதைத் தடை செய்கின்றன. மீன் விற்ற காசைத் துணியில் முடிந்து கொண்டுவருபவரிடம் தேவையற்ற டெஸ்ட் எழுதி வாங்கும் பணம் அது. கூட்டாளிகளில் யார் வாங்கினாலும் விலக்கப்படுவார் என்று பத்திரத்திலேயே எழுதுங்கள்.

ஆறாம் படி: புகார் வரும் முன்னே

கட்டணம் வாங்கிச் செய்யும் சிகிச்சை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995இல் வி.பி. சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கவனக்குறைவு மிகக் கடுமையானதாக இருந்தால்தான் டாக்டர் மீது குற்ற வழக்கு என்றது 2005 ஜேக்கப் மேத்யூ தீர்ப்பு. பரிசோதனைக்குக் கொடுத்த சம்மதம் அறுவை சிகிச்சைக்குச் செல்லாது என்றது 2008 சமீரா கோலி தீர்ப்பு. உள்நோயாளிகளின் ஆவணங்களை 3 ஆண்டு வைத்திருங்கள். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் நகல் கொடுத்தாக வேண்டும்.

சம்மதப் படிவத்தைத் தமிழில் அச்சடியுங்கள். படிக்கத் தெரியாதவருக்கு நர்ஸ் உட்கார்ந்து வாசித்துக் காட்டட்டும். அவர் கேள்வி கேட்டு முடித்த பிறகு கைநாட்டு வாங்குங்கள்.