சைலன்சர் மாற்றுமுன் ஒரு கணக்கு

நம் கடைகள் பலவற்றின் வாசலில் மோட்டார் சைக்கிள் ஒன்று நிற்கிறது. பகலில் மண்டிக்கும் வசூலுக்கும் போய்வரும் அதே வண்டியை, வீட்டுப் பிள்ளைகள் தங்கள் விருப்பப்படி மாற்றி அமைக்க நினைக்கிறார்கள். அவர்கள் முதலில் கை வைப்பது சைலன்சரில்தான். காரணம் சொல்லாமல் கண்டிப்பதைவிட, விஷயம் தெரிந்து பேசினால் பிள்ளைகள் கேட்பார்கள். எனவே நாம் அறிந்தவற்றை இங்கே தொகுத்துத் தருகிறோம். உதாரணமாக, நம் ஊர்களில் இன்னும் ஓடும் பழைய கார்பரேட்டர் புல்லட் 350-ஐ எடுத்துக்கொள்வோம். 70 மி.மீ. விட்டம், 90 மி.மீ. ஓட்டம், ஒரே சிலிண்டர், 346 சி.சி.

1. வரவும் போக்கும்

என்ஜினும் ஒரு கடை போன்றதே. காற்றும் பெட்ரோலும் வரவு. எரிந்த புகை போக்கு. பழைய சரக்கு வெளியேறினால்தான் புதுச் சரக்குக்கு இடம் கிடைக்கும். புகை வால்வு திறந்ததும் புகை ஓர் அழுத்த அலையை எழுப்பிக் குழாயில் பாய்கிறது. அந்த அலை குழாயின் திறந்த முனையை எட்டியதும், உறிஞ்சும் அலையாக மாறித் திரும்பி வருகிறது. இரு வால்வுகளும் சிறிது நேரம் சேர்ந்து திறந்திருக்கும் வேளையில் அது வந்து சேர்ந்தால், மிச்சப் புகையை வெளியே இழுத்துப் புதுக் கலவைக்கு வழிவிடும். நேரம் தவறினால் அந்த உதவி கிடைக்காது; வண்டியின் இழுவை குறையும்.

நீண்ட குழாயில் அலை திரும்பிவர அதிக நேரம் பிடிக்கும். எனவே என்ஜின் மெதுவாகச் சுழலும்போது அது பயன்படும். குட்டைக் குழாய் வேகமான சுழற்சிக்கே பொருந்தும். ஒடுங்கிய குழாயில் புகை விரைந்து செல்வதால் குறைந்த வேகத்தில் இழுவை நன்றாயிருக்கும். அகன்ற குழாயின் பலன் உச்ச வேகத்தில்தான் தெரியும். புகைக்குத் தடை இருந்தால்தான் இழுவை இருக்கும் என்று சிலர் கூறுவதுண்டு. உண்மையில் வேலை செய்வது தடை அல்ல. புகையின் வேகமும் அலை திரும்பும் நேரமுமே.

2. தேர்ந்தெடுக்கும் முறை

புல்லட் நிதானமாகச் சுழன்று பாரம் இழுக்கும் வண்டி. ஆகவே கம்பெனி பெண்டு பைப்பின் விட்டத்தையே வைத்துக்கொண்டு, தடுப்புத் தகடுகள் உள்ள நீண்ட சைலன்சரைத் தேர்ந்தெடுப்பதே பொருத்தம். பந்தய வண்டிக்கான குட்டைத் திறந்த குழாயை மாட்டினால் சத்தம் கூடும்; மூட்டையோடு மேடேறும்போது இழுவை குறையும்.

உலோகத்தையும் பார்க்க வேண்டும். குரோம் பூசிய சாதா இரும்பு உள்ளிருந்து துருப்பிடிக்கும். கடை வண்டிபோல் அடிக்கடி சிறிது தூரமே ஓடும் வண்டியில், சைலன்சரில் சேரும் நீர் காய்வதற்குள் என்ஜின் நின்றுவிடுகிறது. துருவும் விரைவில் வருகிறது. அடியில் நீர் வடியும் சிறு துளை இருந்தால் அடைக்கக் கூடாது. எவர்சில்வர் குழாய்க்கு விலை கூடுதல். ஆனால் நெடுநாள் உழைக்கும். சாக்கும் பிளாஸ்டிக் பையும் சூடான குழாயில் படாதபடியும், பின்னால் அமர்பவரின் கால் சுடாதபடியும் தடுப்புத் தகடு அவசியம்.

3. சரிப்படுத்தும் முறை

போக்கு எளிதானால் வரவையும் ஒத்துப் பார்க்க வேண்டும். குழாயை மட்டும் மாற்றிவிட்டுக் கார்பரேட்டரைக் கவனிக்காவிட்டால், கலவையில் பெட்ரோல் குறைந்து என்ஜின் சூடேறும். ஆக்ஸிலேட்டரை விடும்போது பட்பட்டென்று வெடிக்கும். ஆனால் எல்லா வெடிப்பும் கலவையால் வருவதில்லை. முதலில் பெண்டு பைப் இணைப்பில் காற்றுக் கசிவு உண்டா என்று பார்த்துப் பேக்கிங்கை மாற்ற வேண்டும்.

பிறகு கார்பரேட்டர். ஆக்ஸிலேட்டர் கால்பங்கு வரை பைலட் ஜெட்டும் அதன் திருகும், கால் முதல் முக்கால் வரை ஊசியும், அதற்கு மேல் மெயின் ஜெட்டும் முக்கியமாகக் கலவையைத் தீர்மானிக்கின்றன. எந்த இடத்தில் வண்டி திணறுகிறதோ அந்தப் பாகத்தை மட்டும் மாற்ற வேண்டும். ஒரு நேரத்தில் ஒரே மாற்றம்; அதை நோட்டில் குறித்து, ஓட்டிப் பார்த்து, பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். இளம் பழுப்பு நிறம் நல்லது. வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு. கரி படிந்திருந்தால் அதிகம்.

1-4-2020 முதல் விற்பனையாகும் பி.எஸ்.6 வண்டிகளில் இந்த முறை செல்லாது. பெட்ரோலைக் கணினி அளந்து செலுத்துகிறது. புகைக்குழாயில் ஆக்ஸிஜன் சென்சாரும், நச்சுப் புகையைக் குறைக்கும் கன்வெர்ட்டரும் உள்ளன. இவற்றை வெட்டி எடுக்கவே கூடாது.

4. யார் பொறுப்பு?

175 சி.சி.க்கு மேற்பட்ட மோட்டார் சைக்கிளுக்கு, தயாரிப்பு நிலையில் ஒலி வரம்பு 80 டெசிபல். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தப்படி, சட்டம் அனுமதிக்காத மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். ஒலி, புகை விதிகளை மீறிய வண்டியைப் பொதுவிடத்தில் ஓட்டுபவர் மட்டுமல்ல, ஓட்ட அனுமதிப்பவரும் குற்றவாளியே. முதல் முறையே 10,000 ரூபாய் வரை அபராதமும், 3 மாதம் வரை சிறையும் விதிக்க இடமுண்டு. 3 மாதத்துக்கு லைசென்ஸும் போகும்.

கடை வண்டியின் ஆர்.சி. புத்தகத்தில் இருப்பது பிள்ளையின் பெயரன்று, நம் பெயர். விபத்து நேர்ந்தால், தெரிவிக்காத மாற்றத்தைக் காட்டி இன்ஷூரன்ஸ் தொகைக்கும் தடை சொல்லக்கூடும்.

ஆகவே பிள்ளைகளிடம் மூன்று கேள்விகளைக் கேட்போம். இந்தக் குழாய் எந்த வேகத்தில் பலன் தரும்? கார்பரேட்டரை யார் சரிப்படுத்துவார்? ஒலி வரம்புக்குள் நிற்கும் என்பதற்குச் சான்று எங்கே? மூன்றுக்கும் பதில் கிடைத்த பிறகு பணப்பெட்டியைத் திறக்கலாம். அப்போதும் கழற்றிய கம்பெனி சைலன்சரைப் பழைய இரும்புக்குப் போட வேண்டாம். எண்ணெய் தடவி, சாக்கில் சுற்றிக் குடோனில் வைத்திருப்போம்.