கேக் டின்னும் வெப்பக் கடத்தலும்



மெக்கானிக்கல் படிக்கிறவனுக்கு கேக் டின்னில் என்ன வேலை என்று சிரிக்காதீர்கள். தெர்மல் பேப்பரில் நாம் மனப்பாடம் பண்ணி எழுதுகிற கடத்தலும் கதிர்வீச்சும் அந்த டின்னில்தான் தினமும் நடக்கின்றன.

எங்கள் குடும்பத்தில் பாலிடெக்னிக் படி ஏறியது நான்தான் முதல் ஆள். அம்மா அஞ்சாவது வரை படித்தவர். தையலோடு பிறந்தநாள் கேக் ஆர்டரும் எடுக்கிறார். என் பரீட்சை ஃபீஸ் அதில்தான் வருகிறது. ஒரு கேக் கருகினால் முட்டை, வெண்ணெய், சர்க்கரை எல்லாம் போச்சு! "அலுமினியத்துல நல்லா வருது, வெலை கூடுன எவர்சில்வர்ல மட்டும் ஏன்டா அடி புடிக்குது?" என்று அவர் கேட்டார். நியாயமான கேள்வி.

பதில் வெப்பக் கடத்துதிறனில் இருக்கிறது. ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு சுத்த அலுமினியம் சுமார் 237 வாட். எவர்சில்வர் சுமார் 15 தான். அலுமினியம் ஓரிடத்தில் வாங்கிய சூட்டை உடனே எல்லாப் பக்கமும் பரப்பிவிடும். எவர்சில்வரில் தீ பட்ட இடம் மட்டும் காயும். அங்கே கேக் கருகும், பக்கத்தில் மாவு வேகாமல் நிற்கும். தாமிரம் இன்னும் மேல், சுமார் 400. ஆனால் விலை நம்ம கைக்கு எட்டாது.

அடுத்தது நிறம். பளபளப்பான டின் கதிர்வீச்சைத் திருப்பி அனுப்பும். கறுப்பு டின் உறிஞ்சும். அதனால் கறுப்பு நான்-ஸ்டிக் டின்னில் ஓரம் சீக்கிரம் வெந்து இறுகிவிட, நடுவில் இருக்கும் மாவு மட்டும் மேலே எழும்பி வெடிக்கும். அடுப்பு அவனாக இருந்தால் 180 டிகிரிக்குப் பதில் 165 வைத்தால் சரியாகும்.

அவன் இல்லாத வீட்டில் குக்கரில் மணல் கொட்டி, கேஸ்கெட்டும் வெயிட்டும் கழற்றிவிட்டு கேக் வேகவைப்பார்கள். தண்ணீரில்லாமல் சூடேறினால் சேஃப்டி வால்வில் உள்ள உலோகம் உருக வாய்ப்புண்டு. நல்ல குக்கரை ஏன் கெடுக்கணும்? அடி கனமான பழைய அலுமினியக் குண்டானும் மூடியும் போதும். டின்னை மணல்மேல் வைக்காமல் ஒரு ஸ்டாண்டு மேல் வையுங்கள்.

கடைக்குப் போகும்போது ஸ்கேலை எடுத்துக்கொள்ளுங்கள். 6 இஞ்ச் வட்ட டின்னின் பரப்பு சுமார் 28 சதுர இஞ்ச், 8 இஞ்சுக்கு 50. ரெண்டு இஞ்ச்தானே என்று நினைத்தால் மாவு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வேண்டும்! 8 இஞ்ச் வட்டத்துக்கான மாவு 7 இஞ்ச் சதுர டின்னுக்கு அப்படியே பொருந்தும். சுவர் நேராக இருக்கணும், விரலால் அழுத்தினால் வளையக்கூடாது. மாவு பாதிக்குமேல் போகலாம், மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டக்கூடாது.

கழுவும்போது அலுமினியத்துக்கு சோடா உப்பு ஆகாது, காரம் அதை அரித்துக் கறுக்கவைக்கும். நான்-ஸ்டிக்குக்குக் கம்பி நார் வேண்டாம், பழைய துணி போதும்.