பொலிசில் எழுதிய தாள் விவாகரத்து ஆகாது

எங்கட வந்தாறுமூலைப் பக்கம் ஒரு குடும்பம் குழம்பினால் முதலில் பெரியவர்கள் கூடுவார்கள். சரிவரவில்லையென்றால் பொலிஸ். அங்கே இரண்டு பக்கமும் கையெழுத்து வைத்து ஒரு தாள் எழுதப்படும். அதோடு எல்லாம் முடிந்ததென்று மறுகலியாணம் செய்தவர்களும் உண்டு. எழுத்து எழுதிய கலியாணத்தை மாவட்ட நீதிமன்றம்தான் ரத்துச் செய்யலாம். அதற்கு முன் செய்யும் மறுமணம் செல்லாது, குற்றமும் கூட. 7 வருடம் பிரிந்திருந்தால் தானாக அற்றுப்போகும் என்பதும் ஊர்க்கதைதான். அப்போதும் ஒருவரின் தவறைக் காட்டியாக வேண்டும் என்று 1986இலேயே உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது.

என் விவாகரத்துக்காக நான் மட்டக்களப்பில் சட்டத்தரணி தேடியபோது ஆளாளுக்கு ஒரு பெயர் சொன்னார்கள். காணி உறுதி எழுதுவதில் கெட்டிக்காரர் குடும்ப வழக்கிலும் அப்படித்தான் இருப்பார் என்றில்லை. முதலில் பார்த்தவர் என் விவாகப் பதிவுச் சான்றிதழைத் திருப்பிக்கூடப் பார்க்காமல், "ஆறு மாதத்தில எடுத்துத் தாறன்" என்றார். எழும்பி வந்துவிட்டேன். அடுத்தவர் ஒரு பெண். சான்றிதழை வாசித்து முடித்துவிட்டுக் கேட்டது ஒரே கேள்வி: "வீட்டை விட்டுப் போனது ஆர், தங்கச்சி?"

"அவர்தான் மிஸ். ஆனா ரெண்டு பேருக்கும் சம்மதம்."

"சம்மதம் எங்கட சட்டத்தில ஒரு காரணமில்ல."

தமிழ்நாட்டுச் சீரியல்களில் வரும் பரஸ்பர சம்மத விவாகரத்து, 1976 முதல் இந்தியாவில் இந்து திருமணச் சட்டத்தில் இருப்பது. இலங்கையில் நமக்கு 1907ஆம் ஆண்டின் விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம். அதில் காரணங்கள் மூன்றுதான்: கலியாணத்துக்குப் பிறகு வேறொருவரோடு உறவு, தீய எண்ணத்தோடு கைவிட்டுப் போதல், கலியாணத்தின்போதே இருந்த குணமாகாத ஆண்மைக் குறைவு. பெரும்பாலானவர்கள் இரண்டாவதைப் பிடித்துத்தான் வழக்குப் போடுகிறார்கள். இதில் ஒரு நுணுக்கம்: வாசலைத் தாண்டியவர்தான் கைவிட்டவர் என்றில்லை. அடி உதை தாங்காமல் ஒருத்தி வெளியேறினால், அவளை வெளியேற வைத்தவன்மேல் அதே குற்றத்தைச் சுமத்தலாம். ஆகவே யார், எப்போது, ஏன் போனது என்பதைத் திகதியோடு எழுதிக்கொண்டு போங்கள். பொலிஸ் முறைப்பாட்டின் பிரதியும் இருக்கட்டும்.

நம்மூரில் வீடு வளவைப் பெண்பிள்ளைக்கே எழுதிக் கொடுக்கும் வழக்கம் என்பதால் அடுத்த பயம் அதைப் பற்றியது. யாழ்ப்பாணத்து உறவினர் ஒருவர், "புருசன்ட கையெழுத்தில்லாமல் விக்கேலாது" என்று என்னை நடுங்க வைத்தார். அது யாழ்ப்பாணத் தமிழருக்கான தேசவழமைச் சட்டம். மட்டக்களப்புத் தமிழருக்குப் பொதுச் சட்டம்தான். 1923ஆம் ஆண்டிலிருந்தே மணமான பெண்ணின் சொத்து அவளுடையது. ஆனாலும் உறுதியை முதல் சந்திப்பிலேயே காட்டிவிடுங்கள். ஏறாவூரில் என் முஸ்லிம் தோழிக்கோ விவாகரத்துக்கு 1951ஆம் ஆண்டின் தனிச் சட்டம், காழி நீதிமன்றம். அவளுடைய அனுபவம் எனக்கு உதவவில்லை, என்னுடையது அவளுக்கு உதவாது.

காசு விசயத்தில் வெட்கப்படக்கூடாது. வழக்குத் தாக்கல் செய்ய எவ்வளவு, ஒவ்வொரு தவணைக்கும் எவ்வளவு, தவணை தள்ளிப்போனாலும் கொடுக்க வேண்டுமா, பற்றுச்சீட்டு உண்டா என்று முகத்துக்கு நேரே கேளுங்கள். சட்டத்தரணிக்கு அதிகாரம் கொடுக்கும் புறொக்சியில் கையெழுத்து வைக்குமுன் இதெல்லாம் முடிந்திருக்க வேண்டும். வைத்த பிறகு ஆளை மாற்ற நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும்.

பிள்ளைச் செலவுக்கு விவாகரத்து முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை. 1999ஆம் ஆண்டின் தாபரிப்புச் சட்டப்படி நீதவான் நீதிமன்றத்தில் தனியாகவே கேட்கலாம். படிக்கிற பிள்ளைக்கு 18 தாண்டினாலும் 25 வயது வரை கேட்க வழியிருக்கிறது. வீட்டில் அடி விழுகிறதென்றால் 2005ஆம் ஆண்டின் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாப்புக் கட்டளையும் அங்கேயே கிடைக்கும்.

புருசன் கத்தாரிலோ சவூதியிலோ இருந்து வழக்குக்கு வராவிட்டாலும் விவாகரத்து எடுக்கலாம். அழைப்பாணை முறைப்படி போய்ச் சேர வேண்டும், பிறகு நீங்கள் கூண்டில் ஏறிச் சாட்சி சொல்ல வேண்டும். முதலில் வருவது இடைக்காலத் தீர்ப்பு. குறைந்தது 3 மாதம் கழித்துத்தான் அது முடிவானதாகும். அதன் அத்தாட்சிப்படுத்திய பிரதி கைக்கு வரும்வரை மறுமணப் பேச்சை எடுக்காதீர்கள்.

லோயருக்குக் கொடுக்க வழியில்லாதவர்கள் பேசாமல் இருந்துவிட வேண்டாம். சட்ட உதவி ஆணைக்குழு 1978ஆம் ஆண்டின் சட்டத்தால் இதற்கென்றே அமைக்கப்பட்டது. மட்டக்களப்பிலும் அதற்கு அலுவலகம் உண்டு. வருமானம் பார்த்துத்தான் எடுப்பார்கள், கிராம சேவகரிடம் வருமானக் கடிதம் வாங்கிக்கொண்டு போங்கள்.