இச்சாப்பூர்த் துப்பாக்கி தரும் பாடம்

நம் கொல்கத்தாவுக்கு வடக்கே, ஹூக்ளிக் கரையிலுள்ள இச்சாப்பூர்த் துப்பாக்கித் தொழிற்சாலையின் அனுபவம் பொறியியல் பயில்வோர்க்கு நல்ல பாடம் என நான் கருதுகிறேன்.

1962 சீனப் போருக்குப் பின், பழைய .303 துப்பாக்கியை 7.62 மி.மீ. தோட்டாவுக்கேற்ப அங்கே மாற்றியமைத்தனர். பழைய தோட்டாவின் அடியில் விளிம்பு புடைத்திருக்கும். புதியதில் அது இல்லை. எனவே பழைய தோட்டாக்கூடு பொருந்தாது. 12 தோட்டாக்கள் கொள்ளும் சதுரக்கூடு அமைந்தது. பின்குறியின் தூர அளவும், 2ஏ1 வகையில், 2000 என்பதிலிருந்து 800 ஆகக் குறைந்தது.

முன்குறிக்கும் பின்குறிக்கும் இடைவெளி அரை மீட்டர் எனக் கொள்வோம். முன்குறி ஒரு மில்லிமீட்டர் விலகினால், 100 மீட்டரில் குண்டு 20 செ.மீ. தவறும்.

கூடு பொருந்தாவிடில் தோட்டா ஏறாது. குறி பொருந்தாவிடில் ஏறிய தோட்டாவும் வீண். ஓர் உறுப்பை மாற்றினால், அதைச் சார்ந்த அனைத்தையும் சோதியுங்கள். எல்லைக் காவலனின் உயிர் அந்த ஒரு மில்லிமீட்டரில் இருக்கிறது!