தேய்மானம் கற்பித்தல்: மலையிறங்கும் வண்டியிலிருந்து

கொல்லிமலையில் மேல்நிலை முதலாமாண்டுக்குக் கணக்குப்பதிவியல் எடுக்கும் எனக்கு, தேய்மானம் பல ஆண்டுகள் வெறும் சூத்திரப் பாடமாகவே இருந்தது. கணக்கில் வரும் ‘இயந்திரம்’ எந்த இயந்திரம் என்று மாணவர்களும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. சென்ற ஆண்டு ஒரு மாணவி கேட்டாள்: “சார், அப்பாவும் சித்தப்பாவும் பாதிப் பாதி போட்டு வாங்குன வண்டி. மூணு வருசம் ஆச்சு. சித்தப்பா பிரிஞ்சுக்கணும்ங்கிறாரு. அவரு பங்கு எவ்வளவு வரும்?”

சோளக்காட்டுச் சந்தையில் வாழைத்தாரும் பலாவும் ஏற்றிக்கொண்டு, 70 கொண்டை ஊசி வளைவுகளில் காரவள்ளிக்கு இறங்கும் சரக்கு வண்டி அது. அதையே கரும்பலகையில் எழுதினேன். எண்களை மட்டும் வகுப்புக்கேற்ப மாற்றிக்கொண்டேன்: அடக்க விலை ரூ.8,00,000, பயனளிப்புக் காலம் 8 ஆண்டுகள், இறுதி மதிப்பு ரூ.80,000.

நேர்க்கோட்டு முறையில் ஆண்டுத் தேய்மானம் 7,20,000 ÷ 8 = ரூ.90,000. மூன்றாண்டு கழித்து ஏட்டு மதிப்பு ரூ.5,30,000.

குறைந்து செல் மதிப்பு முறையில் விகிதம் 25% என எடுத்தோம். முதலாண்டு ரூ.2,00,000 போக மீதி 6,00,000. இரண்டாமாண்டு 1,50,000 போக 4,50,000. மூன்றாமாண்டு 1,12,500 போக ரூ.3,37,500. இங்கேதான் பலர் தவறுவார்கள். ஒவ்வோர் ஆண்டும் 8,00,000-க்கே 25% போட்டுவிடுவார்கள். அப்படிப் போட்டால் நான்கே ஆண்டில் வண்டி ஏட்டிலிருந்து மறைந்துவிடும். அதைச் செய்து காட்டினாலே பிழை புரிந்துவிடுகிறது.

25% எங்கிருந்து வந்தது? இறுதி மதிப்பை அடக்க விலையால் வகுத்தால் 0.1. அதன் எட்டாம் மூலம் ஏறத்தாழ 0.75. ஒன்றிலிருந்து கழித்தால் 0.25. மூலம் காணத் தெரியாத மாணவர், 0.75-ஐ எட்டு முறை பெருக்கிச் சரிபார்க்கலாம், 0.1001 வரும். இறுதி மதிப்பு விகிதத்துக்குள்ளேயே அடங்கிவிட்டதால் அதை முதலிலேயே கழிக்கக் கூடாது.

தொடக்கத்தில் ஏன் அதிகம் கழிக்க வேண்டும்? பதிலை வகுப்பே சொன்னது. புது வண்டிக்குப் பழுதுச் செலவு குறைவு. போகப்போக பிரேக், கிளட்ச், டயர் என்று கூடும். எட்டாம் ஆண்டில் தேய்மானம் சுமார் ரூ.26,700-தான். பழுதுச் செலவையும் சேர்த்துப் பார்த்தால் ஆண்டுச் சுமை ஓரளவு சமமாகும். வருமான வரி விதிகளிலும் பெரும்பாலும் இம்முறைதான்: வாடகைக்கு ஓடும் லாரிக்கு 30%, கணினிக்கு 40%. முதலாண்டுகளில் வரி குறைகிறது, பின்னால் கூடுகிறது. வரி தள்ளிப்போகிறதே தவிர, தள்ளுபடி ஆவதில்லை.

ஆக, சித்தப்பாவின் பாதி ஒரு முறையில் ரூ.2,65,000, மறுமுறையில் ரூ.1,68,750. வித்தியாசம் ரூ.96,250. வகுப்பு அமைதியாகிவிட்டது. எது சரி என்றாள் அந்த மாணவி. இரண்டுமே சந்தை விலை அல்ல என்றேன். தேய்மானம் அடக்க விலையை ஆண்டுகளுக்குப் பங்கிடும் வழி. விற்றால் கிடைக்கும் தொகையை அது சொல்லாது. பிரியும்போது வண்டியை நேரில் பார்த்து மதிப்பிட்டு, இருவரும் ஒப்புக்கொள்ள வேண்டும். இதை முன்பே நான் எந்த வகுப்பிலும் சொல்லாமல் விட்டிருந்தேன்.

மறுவாரம் வேறொரு கேள்வியோடு வந்தாள்: “போன வருசம் இஞ்சினைப் பிரிச்சு வேலை பாத்தாங்க சார். அந்தச் செலவை வண்டி விலையோட சேக்கணுமா?” முதலினச் செலவா, வருவாயினச் செலவா என்ற பாடத்தை அன்றே தொடங்கிவிட்டேன்.