ஆழத்துப் பவளப்பாறையில் மீன் கணக்கு

அன்புள்ள கயல்,

கடல்மட்டத்துக்குக் கீழே சுமார் 30 முதல் 150 மீட்டர் வரை வளரும் பவளப்பாறைகளே ஆழ்பவளப்பாறைகள். வெயில் அங்கே மங்கித்தான் இறங்கும். அதனால் பாசி மேயும் மீன்கள் குறைவு. மிதவை உயிரிகளைத் தின்பவையும் வேட்டை மீன்களும் அதிகம்.

முதலில் ஆழம் குறைந்த பாறைகளைப் பார்ப்போம். இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் மலையோடைகளின் நீர் வைப்பாறு வழியே மன்னார் வளைகுடாவைச் சேர்கிறது. அங்கே தூத்துக்குடிக்கும் இராமேஸ்வரத்துக்கும் இடையிலுள்ள 21 தீவுகளைச் சுற்றிய பாறைகள் பெரும்பாலும் சில மீட்டர் ஆழத்திலேயே இருக்கின்றன. அங்கு மீன் எண்ணுவது எளிது. 50 மீட்டர் நாடாவை விரித்து, கலைந்த மீன்கள் திரும்பும்வரை காத்திருந்து, இருபுறமும் இரண்டரை மீட்டர் அகலத்துக்குள் தென்படும் கலவா, விளைமீன், ஓரா எல்லாவற்றையும் முக்குளிப்பவர் பலகையில் குறிப்பார். ஸ்ரீவில்லிபுத்தூர் அருகே செண்பகத்தோப்பு ஓடையில் நீர் தெளிந்திருக்கும்போது, கரையில் நின்றே இதைச் சிறிய அளவில் பழகலாம்.

முப்பது மீட்டருக்குக் கீழே சிக்கல் தொடங்குகிறது. அழுத்தம் கூடக்கூட, சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் அறிவை மயக்கும். ஆகவே ஹீலியம் கலந்த வாயு தேவை. நூறு மீட்டரில் சில நிமிடங்களே எண்ணினாலும், மேலேறி வரப் பல மணி நேரம் ஆகும். விட்ட மூச்சைச் சுத்திகரித்துத் திரும்பத் தரும் கருவி அந்த நேரத்துக்கு ஈடுகொடுக்கும். குமிழி விடாததால் மீன்களும் மிரளா.

ஆள் இறங்காமலும் எண்ணலாம். இரை கட்டிய கேமராவைத் தரையில் இறக்கி, ஒரே காட்சியில் ஓர் இனத்தின் அதிகபட்சம் எத்தனை மீன் தெரிகிறது என்பதை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். போன மீனே திரும்பி வந்தாலும் இரட்டைக் கணக்கு விழாது. ஆனால் இரை, வேட்டை மீனைத்தான் அதிகம் இழுக்கும். பொந்தில் ஒடுங்கும் சிறுமீன் கேமராவுக்கும் சிக்காது, ஆளுக்கும் சிக்காது. நீரில் கரைந்த மரபணுவைச் சோதித்தால் அதன் இருப்பு தெரியலாம், எண்ணிக்கை தெரியாது. எந்த ஆழம், எந்த முறை என்று எழுதாத மீன் பட்டியலை இன்னொன்றோடு ஒப்பிடவே கூடாது.

எண்ணுவதைவிடக் கடினம் இனங்காண்பது. மாலத்தீவில் 40 முதல் 70 மீட்டர் ஆழத்தில் வாழும் ஒரு ரோஜா நிற மீன் 1990களிலேயே பிடிபட்டது. வேறோர் இனத்தின் முதிர்ந்த வடிவம் என்றே கருதப்பட்டது. நிறம், செதில், துடுப்புமுள் ஆகியவற்றை ஒப்பிட்டு, மரபணுவையும் பார்த்த பிறகு, 2022இல்தான் அது தனி இனமாகப் பதிவானது. அதை விவரித்தவர்களில் அகமது நஜீப் என்ற மாலத்தீவு ஆய்வாளரும் ஒருவர்.

அன்புடன்,
மாமா